9-உம் முதலிடம், 62-உம் முதலிடம்: பேஸ்பாலின் ஹோம் ரன் பட்டியலைப் படிப்பது எப்படி?

1909-இல் அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவர் டை காப். மொத்தம் 9. அந்த ஒன்பதில் ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை. பந்து மைதானத்துக்குள்ளேயே உருண்டு கிடக்க, அவர் ஓடியே எடுத்தவை எல்லாம். 2022-இல் அதே லீக்கில் முதலிடம் ஆரன் ஜட்ஜுக்கு. மொத்தம் 62.

இரண்டு பேரும் அந்தந்த ஆண்டின் ஹோம் ரன் முதல்வர்கள். பதிவேட்டில் இரண்டு பெயருக்கும் ஒரே மரியாதைதான். புதிதாக பேஸ்பால் பார்க்க வருகிறவருக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். 9 எங்கே, 62 எங்கே? டை காப் சுமாரான ஆட்டக்காரரா என்றால், அதுவும் இல்லை. அந்த விளையாட்டு கண்ட மிகச் சிறந்த மட்டையாளர்களில் அவர் ஒருவர். அப்படியானால் இந்த எண்ணை எப்படித்தான் எடுத்துக்கொள்வது?

நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியது கிரிக்கெட் கண்ணோடுதான். நியூயார்க்கில் கோடைக்காலத்தில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை நாலரை மணி. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், முதல் சில வாரம் யார் எதற்காக ஓடுகிறார், ஏன் திடீரென்று நின்றுவிட்டார் என்பதே பிடிபடவில்லை. ஹோம் ரன் மட்டும் யாரும் சொல்லித் தராமலே புரிந்தது. பந்து மேலே கிளம்பும், வெளிப்புறத்தில் நிற்கும் ஆள் வேலி வரைக்கும் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார், கூட்டம் எழுந்துவிடும். அதனால்தான் இந்த விளையாட்டுக்குள் நுழைய விரும்புகிறவர்களிடம் ஹோம் ரன் பட்டியலிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: முதலிடத்தில் இருக்கும் பெயரைப் பார்த்த கையோடு, இரண்டாம் இடத்தில் யார், எத்தனை அடித்தார் என்றும் பாருங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

சிக்ஸர் மாதிரி, ஆனால் சிக்ஸர் இல்லை

பேஸ்பால் மைதானத்தை ஒரு விசிறி போல நினைத்துக்கொள்ளுங்கள். விசிறியின் கைப்பிடி இருக்கும் முனையில் ஹோம் பிளேட். மட்டையாளர் நிற்பது அங்கே. அங்கிருந்து இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடுகள் செங்கோணமாக விரிந்து வேலி வரை போகும். அந்தக் கோடுகளுக்கு இடையில் விழுந்தால்தான் அடி செல்லும். கிரிக்கெட்டில் போல பந்தைப் பின்னால் தட்டிவிட்டு ரன் எடுக்கிற வேலையே இங்கே கிடையாது. கோட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் அடித்தாலும் அது ஃபவுல்தான்.

அடித்த பந்து தரையில் படாமல், இரண்டு கோடுகளுக்கு நடுவே வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். மட்டையாளர் முதல் பேஸ் (பேஸ் என்பது ஓடுபவர் மிதிக்க வேண்டிய இடம்), இரண்டாவது, மூன்றாவது என்று மூன்றையும் மிதித்துச் சுற்றி மறுபடி ஹோம் பிளேட்டுக்கு வருவார். அவசரம் எதுவும் இல்லை, யாரும் அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியாது. ஆனால் நான்கையும் மிதித்தே ஆக வேண்டும். அரிதாக, பந்து மைதானத்துக்குள்ளேயே எங்கோ மூலையில் போய்ச் சிக்கிக்கொள்ள, தடுப்பவர்கள் தவறு எதுவும் செய்யாமலே, மட்டையாளர் ஒரே மூச்சில் சுற்றி வந்துவிடுவார். அதுவும் ஹோம் ரன்தான். டை காப்பின் ஒன்பதும் அந்த வகை.

சிக்ஸர் என்றால் எப்போதும் ஆறு. ஹோம் ரன்னுக்கு அப்படி நிலையான விலை இல்லை. முன்னால் மட்டை பிடித்தவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே பேஸ்களில் நிற்கிறார்களோ அத்தனை பேரும், அடித்தவரும் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். யாரும் இல்லையென்றால் ஒரு ரன், மூன்று பேஸிலும் ஆள் இருந்தால் நான்கு ரன். ஒரு அணி ஓர் ஆட்டத்தில் எடுப்பதே சராசரியாக நான்கைந்து ரன்தான் என்பதால், ஒரே அடியில் ஆட்டம் தலைகீழாகிவிடும். ஆனால் பட்டியலில் எல்லாம் ஒன்று, ஒன்று என்றுதான் ஏறும். ஒரு ரன் தந்த ஹோம் ரன்னும் நான்கு ரன் தந்த ஹோம் ரன்னும் அந்தக் கணக்கில் சமம்.

கஷ்டம் எவ்வளவு என்று பாருங்கள். மட்டை உருட்டுக்கட்டை போல வட்டமானது, அகலமான இடத்திலும் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டர்தான். பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசானது, 142 முதல் 149 கிராம். எறிபவர் நிற்பது 18 மீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில். அங்கிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து தரையில் படாமலே நேராக வந்து சேர ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். அதற்குள் முடிவெடுத்து, வட்டமான மட்டையால் வட்டமான பந்தின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே பிடித்து அடிக்க வேண்டும். ஹோம் ரன்கள் பெரும்பாலும் மட்டையை விட்டு 160 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வேகத்தில், 25 முதல் 35 டிகிரி கோணத்தில் கிளம்புகின்றன. கோணம் குறைந்தால் வேலியில் மோதும், கூடினால் வானத்துக்குப் போய் யாருடைய கையுறையிலாவது இறங்கும். வேலி இருப்பது சுமார் 95 மீட்டரிலிருந்து 125 மீட்டர் தூரம் வரை. நம் சர்வதேச கிரிக்கெட்டில் எல்லைக்கோடு 82 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

முதலிடம் என்றால் எந்த முதலிடம்?

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வோர் அணியும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள் ஆடும். ஹோம் ரன் முதலிடம் லீக்குக்கு ஒன்று, ஆக ஆண்டுக்கு இரண்டு பேர். அக்டோபரில் நடக்கும் இறுதிக்கட்ட ஆட்டங்களில் அடித்தவை இந்தக் கணக்கில் சேராது. ஜூலையில் வேடிக்கைப் போட்டியாக நடக்கும் ஹோம் ரன் டெர்பியும் சேராது.

லீக்குக்கு ஒன்று என்ற இந்த விதியால் 1997-இல் ஒரு விசித்திரம் நடந்தது. அந்த ஆண்டு மேஜர் லீக் முழுவதிலும் அதிகம் அடித்தவர் மார்க் மெக்வயர், 58. ஆனால் ஜூலை 31 அன்று ஓக்லண்ட் அணி அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டது. ஓக்லண்ட் அமெரிக்கன் லீக், செயின்ட் லூயிஸ் நேஷனல் லீக். அங்கே 34, இங்கே 24 என்று அவருடைய கணக்கு இரண்டாகப் பிரிந்துபோனது. அமெரிக்கன் லீக்கின் முதலிடம் 56 அடித்த கென் கிரிஃபி ஜூனியருக்குப் போனது, நேஷனல் லீக்கின் முதலிடம் 49 அடித்த லாரி வாக்கருக்கு. எல்லோரையும்விட அதிகம் அடித்தவர் எந்தப் பட்டியலிலும் முதலில் இல்லை.

சாமி சோசாவின் கதை இன்னும் மனதைப் பிசையும். 1998-இல் 66, 1999-இல் 63, 2001-இல் 64. மூன்று முறை 60-ஐத் தாண்டிய ஒரே மனிதர் அவர்தான். அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு முதலிடம் இல்லை. முதல் இரண்டு முறை மெக்வயர் 70, 65 என்று முந்தினார், மூன்றாவது முறை பேரி பாண்ட்ஸ் 73 அடித்தார். சோசா முதலிடம் பிடித்ததெல்லாம் 50 அடித்த 2000-இலும் 49 அடித்த 2002-இலும்தான். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவருக்கு இது தெரியவே வராது.

வேலி எங்கே இருக்கிறது?

கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலிலும் மைதானத்துக்கு மைதானம் எல்லை மாறும். ஆனால் இங்கே வித்தியாசம் ரொம்பவே அதிகம். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது மூலை வெறும் 94 மீட்டர்தான். அதை ஈடுகட்ட அங்கே 11 மீட்டர் உயரத்துக்குப் பச்சை நிறத்தில் ஒரு சுவர் நிற்கிறது. வேறு ஊரில் ஹோம் ரன் ஆகியிருக்கும் எத்தனையோ பந்துகள் அதில் மோதித் திரும்பும், வேறு ஊரில் சுலபமான கேட்ச் ஆகியிருக்கும் பந்து அதன் தலையைத் தட்டிக்கொண்டு வெளியே போகும். டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். பந்துகள் ரொம்பவும் காய்ந்துபோகாமல் இருக்க, 2002 முதல் அங்கே ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்துத்தான் எடுத்து வருகிறார்கள்.

வேலியின் மகிமைக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. சிகாகோ அணி அப்போது ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சின்ன மைதானத்தில் ஆடியது. இடது வேலி சுமார் 55 மீட்டர், வலது வேலி சுமார் 60 மீட்டர். நம் பள்ளிக்கூட மைதானம் அளவுதான். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், 1883 வரை அந்த வேலியைத் தாண்டினால் இரண்டு பேஸ் மட்டும் என்று உள்ளூர் விதி வைத்திருந்தார்கள். 1884-இல் அந்த விதியை மாற்றி, தாண்டினால் ஹோம் ரன் என்றார்கள். அந்த அணியின் நெட் வில்லியம்சன் 1883-இல் அடித்த ஹோம் ரன் 2. அடுத்த ஆண்டு 27. அடுத்த சீசனில் அணி வேறு மைதானத்துக்குப் போனது. வில்லியம்சன் 1885-இல் அடித்தது 3.

அதே மனிதர், அதே கைகள். 2, 27, 3. அந்த 27 என்ற எண்தான் 35 ஆண்டுகள் சாதனையாக நின்றது. அதை 1919-இல் 29 அடித்து முறியடித்தவர் பாஸ்டனுக்காக ஆடிய 24 வயது இளைஞர். முக்கால்வாசிப் பேர் அவரை அதுவரை பந்து எறிபவராகத்தான் அறிந்திருந்தார்கள். பெயர் பேப் ரூத்.

செத்த பந்தும் பேப் ரூத்தும்

ரூத்துக்கு முந்தைய இருபது ஆண்டுகளை பேஸ்பால்காரர்கள் "செத்த பந்துக் காலம்" என்று சொல்வார்கள். ஓர் ஆட்டத்துக்கு முடிந்த அளவு ஒரே பந்துதான். கூட்டத்துக்குள் போனாலும் வாங்கி வந்து ஆடுவார்கள். போகப்போக அது மண்ணும் புகையிலைச் சாறும் ஏறிக் கறுத்து, பிசைந்த மாவுபோல மென்மையாகிவிடும். எறிபவர் அதில் எச்சில் தடவி எறிவதும் சட்டப்படி சரி. மைதானங்களும் பெரியவை. தூக்கி அடிப்பது மடத்தனம் என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மெல்லத் தட்டி, ஓடி, பேஸ் திருடி (எறிபவர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டு), ஒரு ரன்னைக் கறப்பதுதான் ஆட்டம். டை காப் அந்த ஆட்டத்தின் ராஜா. அவருடைய 9 அந்தப் பந்தோடும் அந்த மைதானங்களோடும் சேர்த்துப் படிக்க வேண்டிய எண்.

அந்தக் காலத்தில் ஃபிராங்க் பேக்கர் என்று ஒருவர் இருந்தார். 1911 முதல் 1914 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கன் லீக்கின் முதலிடத்தில் அவர் பெயர் இருந்தது. எண்கள் 11, 10, 12, 9. 1911 உலகத் தொடரில் (இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) அடுத்தடுத்த ஆட்டங்களில் இரண்டு ஹோம் ரன் அடித்ததற்காக ஊரே அவரை "ஹோம் ரன் பேக்கர்" என்று கூப்பிட்டது. வாழ்நாள் மொத்தம் 96. ஜட்ஜ் 2022, 2024 ஆகிய இரண்டே சீசன்களில் அடித்தது 120.

1920-இல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறின. எச்சில் தடவி எறிவதைத் தடை செய்தார்கள். ஆகஸ்டில் கிளீவ்லண்ட் வீரர் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்துபோனார். மங்கிய வெளிச்சத்தில் அழுக்குப் பந்து கண்ணுக்குத் தெரியாதது ஒரு காரணம் என்று பேசப்பட்டது, அதன்பின் அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் உறுதியானது. அதற்குச் சற்று முன், 1919 டிசம்பர் கடைசியில்தான், பாஸ்டன் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றிருந்தது. யாங்கீஸ் அப்போது ஆடிய போலோ கிரவுண்ட்ஸில் வலது மூலை 80 மீட்டர்கூட இல்லை. ரூத் இடது கை மட்டையாளர், அவருடைய இயல்பான வீச்சு அந்தப் பக்கம்தான்.

இவ்வளவும் அவருக்குச் சாதகம் என்று சொல்லி முடித்துவிடலாமா? இங்கேதான் இரண்டாம் இடத்தைப் பார்க்க வேண்டும். 1920-இல் ரூத் 54. அடுத்த இடத்தில் ஜார்ஜ் சிஸ்லர், 19. நேஷனல் லீக்கின் முதலிடமே 15-தான். பந்து எல்லோருக்கும் மாறியது, எச்சில் தடை எல்லோருக்கும் வந்தது. ஆனால் ரூத் மட்டும் வேறு ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். கட்டையின் அடிப்பகுதியைப் பிடித்து, முழு உடம்பையும் சுழற்றி, தவறினாலும் பரவாயில்லை என்று வீசினார். மற்றவர்களுக்கு அது புரிந்து, தாங்களும் அப்படி வீச ஆரம்பிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

1927-இல் அவர் 60 அடித்தார். அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கில் யாங்கீஸைத் தவிர வேறெந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்துகூட 60 அடிக்கவில்லை. பிலடெல்பியாவின் 56-தான் அதிகம். இரண்டாம் இடத்தில் ரூத்தின் அணித் தோழர் லூ கெரிக், 47. மூன்றாம் இடம் டோனி லாஸெரி, 18. அவரும் அதே அணி. 60, 47, 18. இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிடம் சேர்த்துப் பாருங்கள். பேஸ்பால் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் இதுதான். முதல் இரண்டு பேருக்கும் உலகத்துக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம்!

154 ஆட்டமா, 162 ஆட்டமா?

ரூத் காலத்தில் ஒரு சீசனுக்கு 154 ஆட்டங்கள். 1961-இல் அமெரிக்கன் லீக் எட்டு அணிகளிலிருந்து பத்தாகி, ஆட்டங்களும் 162 ஆயின. சரியாக அந்த ஆண்டில்தான் யாங்கீஸின் ராஜர் மாரிஸும் மிக்கி மேண்டிலும் ரூத்தின் 60-ஐத் துரத்தினார்கள். ஜூலையில் பேஸ்பால் ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் ஓர் அறிவிப்பு செய்தார். 154 ஆட்டங்களுக்குள் முறியடித்தால்தான் ரூத்தின் சாதனை முறிந்ததாகும், இல்லையென்றால் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்றார். ஃபிரிக் ஒரு காலத்தில் ரூத்தின் பெயரில் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தவர், ரூத்தின் நண்பர்.

மேண்டில் செப்டம்பரில் உடல்நலம் கெட்டு 54-இல் நின்றார். மாரிஸ் 154 ஆட்டங்கள் முடிந்தபோது 59. கடைசி நாளான அக்டோபர் 1 அன்று, பாஸ்டனுக்கு எதிராக நான்காவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) 61-ஆவதை அடித்தார். யாங்கீ ஸ்டேடியத்தில் அன்று பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. கூட்டம் வந்திருந்தது 23,154 பேர்தான்.

எனக்கு இதில் மாரிஸுக்கு அநியாயம் நடந்ததாகவே படுகிறது. ரூத்தும் மாரிஸும் அந்தந்த ஆண்டு மட்டை பிடிக்க வந்த தடவைகளை எண்ணிப் பார்த்தால், இருவருமே 700-க்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட சமம். எட்டு ஆட்டம் கூடியது உண்மை, வாய்ப்பு பெரிதாகக் கூடவில்லை. 1991-இல்தான் அந்தத் தனிக் குறிப்பைக் கைவிட்டு, 61 என்பதே சாதனை என்று முடிவு செய்தார்கள். மாரிஸ் 1985-லேயே இறந்துவிட்டார்.

சீசன் சுருங்கிய ஆண்டுகளும் உண்டு. 1994-இல் ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, மீதி சீசனே நடக்கவில்லை. அப்போது மேட் வில்லியம்ஸ் 43-இல் இருந்தார். அவருடைய சான்ஃபிரான்சிஸ்கோ அணி 115 ஆட்டம்தான் ஆடியிருந்தது. அதே வேகத்தில் 162 ஆட்டமும் ஆடியிருந்தால் 60 வந்திருக்கும். கொரோனா ஆண்டான 2020-இல் 60 ஆட்டங்கள் மட்டுமே. அதிகம் அடித்த லூக் வாய்ட்டின் எண் 22. பட்டியலில் அந்த 22-ஐப் பார்த்து யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

70, 73

மாரிஸின் 61-ஐ 37 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 1998-இல் மெக்வயரும் சோசாவும் சேர்ந்து துரத்தினார்கள். செப்டம்பர் 8 அன்று மெக்வயர் தன் 62-ஆவதை அடித்தபோது எதிரணியில் நின்றவர் சோசாதான். அந்தப் பந்து தாழ்வாகப் பறந்து இடது மூலை வேலியை 104 மீட்டர் தூரத்தில் மயிரிழையில் தாண்டியது. அந்த ஆண்டு அவர் அடித்ததிலேயே தூரம் குறைந்தது அதுதான். பரபரப்பில் முதல் பேஸை மிதிக்காமலே தாண்டிவிட்டு, திரும்பி வந்து மிதித்தார். வலது மூலையிலிருந்து சோசா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசியில் 70-க்கு 66. மூன்று ஆண்டுகள் கழித்து பாண்ட்ஸ் 73 அடித்தார். அதுவே இன்றும் சாதனை.

ஆனால் அந்தக் காலகட்டத்தில் ஊக்கமருந்துப் பரிசோதனை மேஜர் லீக்கில் நடைமுறையில் இல்லை. தண்டனையோடு கூடிய பரிசோதனை 2004-இல்தான் வந்தது. மெக்வயர் 2010-இல் தான் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸ், தெரிந்தே எடுக்கவில்லை என்று சொல்லி வருகிறார். மெக்வயர், சோசா, பாண்ட்ஸ் மூவருக்குமே பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இன்றுவரை இடம் இல்லை. எண்களை யாரும் அழிக்கவில்லை, பட்டியலில் அப்படியே இருக்கின்றன. நான் அவற்றைப் படிக்கும்போது வருத்தத்தோடுதான் படிக்கிறேன். அந்த ஆண்டுகளில் நேர்மையாக ஆடி 40 அடித்தவர்களின் பெயர் கீழே போய்விட்டதே என்ற வருத்தம் அது.

பாண்ட்ஸின் எண்களில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எறிபவர் அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து எறிந்தால், மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பயமுறுத்தும் மட்டையாளருக்கு வேண்டுமென்றே அப்படி எறிந்து அனுப்பிவிடுவார்கள். 73 அடித்த ஆண்டில் பாண்ட்ஸை 177 முறை நடக்கவிட்டார்கள். 2004-இல் 232 முறை. அந்த ஆண்டு அவர் 45-தான் அடித்தார், முதலிடம் இல்லை. அடிக்க விட்டால்தானே அடிப்பதற்கு? இதற்கு நேர் எதிர்த் திசையில் கைல் ஷ்வார்பர் இருக்கிறார். 2022-இல் நேஷனல் லீக்கின் முதலிடம் அவருக்கு, 46. அதே ஆண்டு 200 முறை ஸ்டிரைக் அவுட், அதாவது அடிக்கத் தவறிய பந்து மூன்றாகி ஆட்டமிழந்தார். முதலிடத்துக்கு வருகிறவர் அடிக்கடி தோற்றுக்கொண்டும் இருப்பார்.

இன்னொரு பக்கம், சீசன் முதலிடத்தையும் வாழ்நாள் மொத்தத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரூத்தின் வாழ்நாள் சாதனையான 714-ஐத் தாண்டி 755 வரை போன ஹாங்க் ஆரன், எந்த ஒரு சீசனிலும் 47-க்கு மேல் அடித்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். அந்த விடாமுயற்சிக்குச் சீசன் பட்டியலில் தனி இடம் கிடையாது.

பந்து மறுபடியும் மாறுகிறது

செத்த பந்துக் காலம் போனதோடு பந்தின் கதை முடிந்துவிடவில்லை. 2014-இல் மேஜர் லீக் முழுவதிலும் அதிகம் அடித்தவர் நெல்சன் குரூஸ், சரியாக 40. ஐந்தே ஆண்டுகளில், 2019-இல், பத்துப் பேர் 40-ஐத் தாண்டினார்கள். லீக் மொத்தம் 4,186-இலிருந்து 6,776 ஆனது. மட்டையாளர்கள் பந்தை மேல்நோக்கி அடிக்கப் பழகிக்கொண்டது ஒரு காரணம். பந்தின் தையல் தட்டையாகி, காற்றின் தடை குறைந்தது இன்னொரு காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

ஜப்பானில் இது பெரிய விவகாரமாகவே வெடித்தது. அங்கே சதாஹரு ஓ 1964-இல் அடித்த 55-ஐ ஒரு கோயில் விளக்கைப் போல் காத்து வந்தார்கள். 2001, 2002-இல் வெளிநாட்டு வீரர்கள் இருவர் 55-ஐத் தொட்டார்கள், தாண்டவில்லை. 2013-இல் யாகுல்ட் அணியின் விளாதிமிர் பாலண்டியென் 60 அடித்தார். அந்த ஆண்டின் பந்தை யாருக்கும் சொல்லாமல் முன்பைவிடத் துள்ளலாகச் செய்திருந்தது நடு சீசனில் அம்பலமாகி, லீக்கின் ஆணையரே பதவி விலக வேண்டியதாயிற்று.

2022-இல் அதே யாகுல்ட் அணியின் முனெடாகா முராகாமி, 22 வயதுப் பையன், செப்டம்பர் 13-இல் 55-ஐத் தொட்டுவிட்டு அப்படியே நின்றுபோனார். நாட்கள் போயின, ஆட்டங்கள் போயின, 56 வரவில்லை. அக்டோபர் 3, சீசனின் கடைசி ஆட்டம், அதிலும் அவர் மட்டை பிடித்த கடைசித் தடவை. அப்போதுதான் அடித்தார். ஜப்பானில் பிறந்த வீரர் ஒருவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் அது.

அதற்கு மறுநாள், அக்டோபர் 4, டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டன். ஒரே நாளில் நடந்த இரட்டை ஆட்டத்தின் இரண்டாவது ஆட்டம், முதல் மட்டையாளராக ஆரன் ஜட்ஜ். ஆறடி ஏழங்குலம் உயரம். வளைந்து வந்த பந்தை இடது பக்கம் தூக்கினார். 119 மீட்டர். 62. மாரிஸின் அமெரிக்கன் லீக் சாதனை 61 ஆண்டுகளுக்குப் பிறகு முறிந்தது. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் இரண்டாம் இடத்தில் மைக் டிரவுட், 40. 22 வித்தியாசம். ரூத்தின் ஆண்டுகளை நினைவூட்டும் பள்ளம் அது. மருந்துப் பரிசோதனை வந்த பிறகு அதுவரை யாரும் 60-ஐத் தொட்டதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், என் மனதில் 73-ஐவிட இந்த 62-க்குத்தான் மதிப்பு அதிகம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2025-இல், 60-ஐத் தொட்டவர் கேல் ராலே. சியாட்டில் அணியின் கேட்சர். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் போல, ஆனால் அதைவிட உடம்பை நொறுக்கும் வேலை. முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து ஓர் ஆட்டத்துக்கு நூற்று ஐம்பது பந்து வாங்க வேண்டும். திசைமாறி வரும் பந்துகள் விரலிலும் முகமூடியிலும் மோதும். அந்த வேலையைச் செய்துகொண்டே அதிகம் அடிக்க உடம்பு ஒத்துழைக்காது என்பதால் கேட்சர்கள் இந்தப் பட்டியலின் உச்சிக்கு வருவது அரிது. முழுநேரக் கேட்சர் ஒருவரின் முந்தைய சாதனை 2021-இல் சால்வடோர் பெரெஸ் அடித்த 48. ராலே அதை 12 வித்தியாசத்தில் தாண்டினார். இரண்டு கைப் பக்கமும் மாறி மாறி அடிப்பவர் என்பதால், மேண்டிலின் 54-ஐயும் கூடவே கடந்தார். அமெரிக்கன் லீக்கில் இரண்டாம் இடம் 53 அடித்த ஜட்ஜுக்கு. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது ராலேவுக்குக் கிடைக்கவில்லை, ஜட்ஜுக்குத்தான் போனது.

செப்டம்பர் 24 இரவு சியாட்டிலில் 59-உம் 60-உம் ஒரே ஆட்டத்தில் வந்தன. அந்த ஆட்டத்தை வென்றதில், ராலேவின் அணி 2001-க்குப் பிறகு முதன்முறையாக, லீக்குக்குள் தான் இருக்கும் பிரிவில் முதலிடம் பிடித்தது.